விதைக்கும் குலம் கேட்கிறார்கள்

ஆடிப் பட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். வாட்ஸ்அப் குழுக்களில் விதைப் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிட்டன. வரிக் கத்தரி, சிவப்பு வெண்டை, குட்டைப் புடலை, காந்தாரி மிளகாய் என்று ஒவ்வொருவரும் கையில் இருப்பதைப் போடுகிறார்கள். வேண்டியவர்கள் முகவரி அனுப்பி வாங்கிக்கொள்கிறார்கள். அஞ்சல் செலவு மட்டும்தான். சந்தைக்கு வெளியே இப்படியொரு கொடுக்கல் வாங்கல் நடப்பது நல்ல விஷயம். நானும் அந்தக் குழுக்களில் இருக்கிறேன், பத்துப் பன்னிரண்டு பைகளில் செடி வளர்க்கிறேன். ஆகவே இதை வெளியே நின்று வேடிக்கை பார்த்து எழுதவில்லை.

சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில் ஒரு விதைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் ஒருவர் கம்பெனி விதைகளை நம்பி விவசாயி கடனாளியான கதையைச் சொன்னார். சரியாகத்தான் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சின் முடிவில் குரலை உயர்த்தினார். கலப்பு நுழைந்தால் விதை கெடும், குடும்பமும் அப்படித்தான், நம் முன்னோர் விதையையும் காப்பாற்றினார்கள், குலத்தையும் காப்பாற்றினார்கள் என்றார். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர். ரசாயன உரம் வேண்டாம், பன்னாட்டு நிறுவனம் வேண்டாம் என்று சொல்கிற, மற்ற விஷயங்களில் நம்மோடு நிற்கக்கூடிய இளைஞர்கள்.

2003இல் கண்ணகியும் முருகேசனும், 2015இல் கோகுல்ராஜும், 2016இல் உடுமலைப்பேட்டை சங்கரும் கொல்லப்பட்ட மாநிலம் இது. இங்கே 'கலப்பு வந்தால் கெடும்' என்ற வாக்கியம் தோட்டக்கலைக் குறிப்பாக மட்டும் நிற்காது. வீட்டுத் தோட்டம் போடுவதும் விதை தேர்ந்தெடுப்பதும் சாதியோடு சம்பந்தமில்லாத காரியம் என்று நினைத்தவளுக்கு அன்றைக்கு அந்த நினைப்பு போனது.

'நாட்டு' என்றால் எந்த நாடு?

விதை வாங்கப் போகும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'இது நாட்டு ரகமா?' என்பது. கேள்விக்குப் பின்னால் நியாயமான தேவை இருக்கிறது. இந்த ஆண்டு காய்த்த செடியிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்க முடியுமா, நம் வெயிலையும் மழையையும் தாங்குமா என்பதைத்தான் அந்தச் சொல்லால் கேட்கிறோம். ஆனால் அந்தச் சொல் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறுகிறது. ஆதியிலிருந்தே இந்த மண்ணுக்கு உரியது, வெளியார் தொடாதது, தூய்மையானது என்று அர்த்தம் கூடிக்கொண்டே போகிறது.

தோட்டத்தையே பார்ப்போம். நாட்டுத் தக்காளி தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். கொய்யா, பப்பாளி, மரவள்ளி எல்லாம் அதே திசையிலிருந்து வந்தவை. பறங்கிக்காய் தன் பெயரிலேயே பறங்கியரை வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் பெருமையோடு மீட்டெடுக்கும் சிறுதானியங்களில் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலும் கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலும் முதலில் பயிரானவை. சுரைக்காயின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான். கத்தரிக்காய் இந்தப் பக்கத்துக்காரர் என்று தைரியமாகச் சொல்லலாம். நம் சாம்பாரில் அவரோடு ஒரே சட்டியில் வேகிறவர்கள் பலரும் வந்தேறிகள்.

வந்த விதைகளை இங்கே இருந்தவர்கள் விதைத்தார்கள். தாங்கிய செடியிலிருந்து விதை எடுத்தார்கள், திரும்ப விதைத்தார்கள். சில நூறு ஆண்டுகளில் அவை இந்த மண்ணின் பயிர்களாயின. நாட்டு ரகம் என்பதற்கு இவ்வளவுதான் பொருள். எங்கிருந்து வந்தது என்பதைவிட, இங்கே யார் கையில் வளர்ந்தது என்பதே அதை நாட்டு ரகமாக்கியது.

கலப்பு என்பது என்ன?

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் விவரம் தேவை. விதை வாங்கும்போது குழப்பம் வருவதும் இங்கேதான். நாம் வாங்கும் காய்கறி விதை மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். ஒன்று, விவசாயிகள் தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் நாட்டு ரகம். இரண்டு, பல்கலைக்கழகங்கள் தேர்வு செய்து வெளியிட்ட ரகம். கோயம்புத்தூரிலிருந்து வரும் 'கோ' வரிசையும் பெரியகுளத்திலிருந்து வரும் 'பி.கே.எம்' வரிசையும் இப்படிப்பட்டவை. மூன்று, எஃப்1 என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் வீரிய ஒட்டு விதை.

முதல் இரண்டிலும் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். பலர் பி.கே.எம்-1 என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே 'ஹைபிரிட்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பி.கே.எம்-1 தக்காளி 'அண்ணஞ்சி' என்ற உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கப்பட்டது. விவசாயிகள் கையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய் நம்மிடம் திரும்பி வருகிறது. அதை ஒதுக்க ஒரு காரணமும் இல்லை. எஃப்1 விதை இரண்டு தாய்வழிகளைக் கலந்து உண்டாக்கியது. அந்தப் பருவத்தில் நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு வரும். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போகவேண்டும். எஃப்1 விதையோடு நமக்குள்ள சண்டை இதுதான், பொருளாதாரச் சண்டை. அதில் விஷமும் இல்லை, தீட்டும் இல்லை.

இன்னொரு பயமும் உலவுகிறது. கடையில் கிடைக்கும் காய்கறி விதையெல்லாம் மரபணு மாற்றியது என்கிறார்கள். இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி மட்டுமே. 2002இல் அனுமதித்தார்கள். பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது, அந்தத் தடை எடுக்கப்படவில்லை. எஃப்1 வேறு, மரபணு மாற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் லாபமடைவது 'சுத்தமான விதை' என்று சொல்லி நான்கு மடங்கு விலை வைப்பவர்தான்.

இயற்கையிலேயே நடக்கும் கலப்பைப் பார்ப்போம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். கத்தரி, மிளகாய், வெண்டையில் வண்டும் தேனீயும் ஓரளவு கலந்துவிடும். சுரை, பீர்க்கு, பறங்கி போன்ற கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ வந்து சேர்த்தால்தான் காய். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரகச் சுரை இருந்தால் இந்த ஆண்டுக் காயில் ஒன்றும் மாறாது, அதன் விதையில் கலப்பு இருக்கும். அடுத்த ஆண்டும் அதே வடிவக் காய்தான் வேண்டுமென்றால் பூவைத் துணியால் கட்டி, கையால் மகரந்தம் சேர்க்கவேண்டும். அது நம் தேவை, நம் விருப்பம். சுரைக்கொடிக்கு அந்த அக்கறை கிடையாது.

மக்காச்சோளம் மாதிரிப் பயிரில் ஒரே செடியின் மகரந்தத்தை அதிலேயே சேர்த்து நாலைந்து தலைமுறை விதை எடுத்தால் செடி குட்டையாகி, கதிர் சிறுத்துப்போகும். நிறையச் செடிகளிலிருந்து கலந்து விதை எடுத்தால்தான் ரகம் தாங்கும். நாட்டு ரகம் என்று நாம் கொண்டாடுவதே உள்ளுக்குள் வேறுபாடுகள் நிறைந்த ஒரு கூட்டம். மழை தப்பினாலும் பூச்சி வந்தாலும் அதில் சில செடிகள் நின்றுவிடுவது அந்த வேறுபாட்டால்தான். ஒரே அச்சில் வார்த்த தூய்மை எங்கே இருக்கிறதென்றால், கம்பெனிகள் எஃப்1 விதை செய்யப் பூட்டி வைத்திருக்கும் தாய்வழிகளில் இருக்கிறது. தூய்மை பேசுகிறவர் கும்பிடவேண்டியது அதைத்தான்.

இதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, செடியே கலப்பு மணம் செய்கிறது, மனிதனும் செய்யலாம்' என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதுவும் அந்த மேடைப் பேச்சாளர் செய்த அதே தப்பு. மனிதர்களுக்குப் பயிர்களை உவமை சொல்லத் தொடங்கினால், விதைக்கு உரியவர் யார், களை எது என்ற கேள்விகளுக்குத்தான் போய்ச் சேருவோம். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் அகமணமே சாதியின் சாரம் என்று காட்டினார். மனிதர்கள் உண்டாக்கி, மனிதர்கள் காவல் காக்கும் ஏற்பாடு அது. இரண்டு பேர் சேர்ந்து வாழ அவர்கள் சம்மதம் போதும். தாவரவியலின் ஒப்புதல் தேவையில்லை.

யார் காத்த விதை?

அந்தத் திருவிழாவில் ஒரு கடையில் அவரை வைத்திருந்தார்கள். காயின் ஓரத்தில் ஊதாக் கோடு, உள்ளே தட்டையான செம்பழுப்பு விதை. பாக்கெட்டில் 'பண்ணையார் வீட்டு அவரை' என்று எழுதி, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பெயரும் போட்டிருந்தது. "இந்தப் பேர் எப்படி தம்பி வந்தது?" என்று கடையிலிருந்த பையனிடம் கேட்டேன். "அந்த வீட்டு வேலியிலதாங்க அக்கா வாங்குனேன். பரம்பரையா வச்சிருந்தாங்களாம்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டதைத்தான் எழுதியிருந்தான்.

எனக்கு அந்த அவரை பழக்கமானது. விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் காலனி வீடு அரசு கொடுத்த 3 சென்ட் மனையில் இருக்கிறது. வீடு, மாட்டுக்குக் கொஞ்சம் இடம், குளிக்கிற மறைப்பு. அவ்வளவோடு மனை முடிந்துவிடும். தெருவுக்கே ஒரு குழாய். என் ஆயா ஆடி பிறந்ததும் அவரை விதையை எடுத்துக்கொண்டு, தான் வேலை செய்த பண்ணையின் மோட்டார் கொட்டகை வேலியோரம் போய் ஊன்றுவார். அங்கேதான் தண்ணீரும் வேலியும் இருந்தன. பனி இறங்கும்போது பூத்து, பொங்கலுக்குக் காய்க்கும். காய் பண்ணை வீட்டுக்குப் போகும். ஆயாவுக்கு ஒரு மடி காய் கிடைக்கும். கடைசியில் முற்றிய நெற்றுகளைப் பறித்து, காயவைத்து, சாம்பலில் புரட்டிப் பானையில் வைப்பது மட்டும் ஆயாவின் வேலை. ஏனென்றால் அந்த வீட்டில் யாருக்கும் எந்த நெற்றை எடுக்கவேண்டும் என்று தெரியாது. முதலில் காய்த்த கொத்தை விதைக்கு விடவேண்டும், பூச்சி தொட்ட கொடியில் எடுக்கக் கூடாது என்று ஆயா சொல்வார்.

திருவிழாவில் பார்த்தது அதே அவரைதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஊதாக் கோட்டு அவரை பல ஊர்களில் உண்டு. ஆனால் பெயர் எப்படி ஒட்டுகிறது என்பது எனக்கு விளங்கியது. விதை தேர்ந்தவள் கூலிக்காரி, வேலி பண்ணையாருடையது, பாக்கெட்டில் வேலிக்காரர் பெயர். நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, எந்தக் கதிர் முற்றியது என்று கண்ணால் பார்த்தே சொன்ன பெண்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து போனவர்கள். 'நம் முன்னோர் காத்த விதை' என்று மேடையில் சொல்லும்போது அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் அவர்கள் வருவதில்லை.

நம் தோழர்கள் சிலர் இதனாலேயே இயற்கை விவசாயம், மரபு விதை என்றாலே பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயாவின் அறிவை அடுத்தவர் பெயரில் எழுதிக்கொண்டார்கள் என்பதற்காக அந்த அறிவையே அவர்களுக்குத் தாரைவார்க்க முடியாது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பகுதியின் தலித் பெண்கள், தக்காண வளர்ச்சிச் சங்கம் வழியாகத் தங்கள் கிராமங்களில் விதை வங்கிகளை நடத்துகிறார்கள். தரிசாகக் கிடந்த நிலங்களைச் சீர்படுத்தி, ஒரே வயலில் சோளமும் துவரையும் தினையும் கலந்து விதைக்கிறார்கள். சொந்தமாகச் சமுதாய வானொலியும் வைத்திருக்கிறார்கள். 2019இல் அந்த அமைப்புக்கு ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. அங்கே விதையைக் காப்பவர்களே அதைப் பற்றிப் பேசவும் செய்கிறார்கள். குலப் பெருமை அந்தப் பேச்சுக்குத் தேவைப்படவில்லை.

மண் இல்லாமல் பட்டம் ஏது?

தோட்டம் போடும் திட்டம் விதையில் தொடங்குவதாகப் புத்தகங்கள் சொல்கின்றன. இடத்தில்தான் தொடங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. இந்திய அளவில் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்ததையடுத்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில் இருக்கிறது. அதை மீட்கக் காரணையில் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஒரு துண்டு மண் கேட்டதற்கு இந்த நாட்டில் கொடுத்த விலை அது.

நகரத்தில் மண்ணுக்குப் பதில் மாடி. நான் சென்னையில் முன்பு இருந்த வாடகை வீட்டில் முதல் மாதம் மாடிச் சாவி கிடைத்தது, நான்கு பைகளில் கீரை போட்டேன். என்ன சமைக்கிறோம் என்பது தெரிந்த பிறகு 'தண்ணி ஒழுகுது, ஓதம் ஏறுது' என்று சாவி திரும்பப் போனது. மேல் வீட்டுக்காரரின் துளசிக்கும் ரோஜாவுக்கும் ஓதம் ஏறவில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் கொடுப்பது நல்ல திட்டம்தான். மாடி இல்லாதவர்களுக்கு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் அடுக்குக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு, பொது இடத்தில் தண்ணீரோடு சமுதாயத் தோட்டம் வேண்டும் என்று நாம்தான் கேட்கவேண்டும்.

இந்தப் பட்டத்துக்கு

சரி, இந்த ஆடிக்கு என்ன செய்யலாம்? கையில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் இடமென்றால் கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி போடலாம். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம். கம்பி கட்ட வசதி இருந்தால் ஒரு பீர்க்கு, ஒரு புடலை. ஐப்பசி மழைக்கு முன் கொடி ஏறிவிடும். அவரைக்கு ஆடிதான் நேரம், தை வரை பொறுமை வேண்டும். முதல் முறை என்றால் ஆறு பைகளுக்கு மேல் வேண்டாம். ஐம்பது ரகம் வாங்கிச் சேர்ப்பதைவிட ஐந்து ரகத்தை விதை வரை கொண்டுபோவது பெரிய காரியம்.

வாங்கிய விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. உரத்துக்கு நாட்டு மாட்டுச் சாணம்தான் வேண்டும் என்று தேடி அலையாதீர்கள். எந்த மாட்டுச் சாணமும் மக்கினால் உரம்தான். ஆட்டுப் புழுக்கை, கோழி எரு, மீன் கழிவில் வெல்லம் சேர்த்த மீன் அமிலம், மணிச்சத்து நிறைந்த எலும்புத் தூள் எல்லாம் செடிக்கு நல்லவை. செடி சைவம் பார்ப்பதில்லை. சமையலறைக் கழிவை வீட்டிலேயே மக்க வைத்தால், நம் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் சுமையிலும் கொஞ்சம் குறையும்.

பருவ முடிவில் விதை எடுங்கள், பகிருங்கள். பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, வணிகப் பெயர் போடாமல் விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பகிரும்போது பாக்கெட்டில் மாதமும் ஊரும் எழுதுவீர்கள். கூடவே யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று கேட்டு அந்தப் பெயரையும் எழுதுங்கள். வேலிக்காரர் பெயரோடு நின்றுவிடாமல், விதை எடுத்துவைத்த கை யாருடையது என்று விசாரியுங்கள். குழுவில் யாராவது குலம், இரத்தம், தூய்மை என்று பேசினால் பேசாமல் கடந்துபோகாதீர்கள். மிளகாய் எந்த ஊர் என்று கேளுங்கள்.

அந்தக் கடையில் நான் ஒரு பாக்கெட் அவரை வாங்கினேன். ஆடியில் ஊன்றினேன், பொங்கலுக்குக் காய்த்தது. நெற்றுகளை ஆயா சொன்ன மாதிரியே முதல் கொத்தில் எடுத்தேன். இந்த ஆண்டு பன்னிரண்டு பேருக்கு அனுப்புகிறேன். பாக்கெட்டில் ஆயாவின் பெயரை எழுதி, கீழே காலனி என்றும் எழுதியிருக்கிறேன். அந்தத் தம்பிக்கும் ஒன்று போகிறது. அதே அவரைதானா என்று அவன் கேட்டால், தெரியாது என்பேன். ஆனால் இதைக் காப்பாற்றத் தெரிந்தவர் பெயர் இதுதான் என்றும் சொல்வேன்.